விடைச்ச காதும் வேடிக்கை பார்க்கும் ஊரும்

புள்ளைக்குப் பல்லு எடுப்பா இருந்தா கம்பி கட்டுறோம். யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. அதே புள்ளைக்குக் காது விடைச்சுக்கிட்டு நிக்குது, ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்டா மட்டும், "சாமி குடுத்த உடம்புல கத்தி வைக்கலாமா"ன்னு ஒரு கூட்டம் கிளம்பிடும். காது குத்துறப்போ எங்க போச்சுங்க இந்த ஞாயம்? :-)

விஷயம் இவ்வளவுதான். காது மடல்ல விழவேண்டிய மடிப்பு சரியா விழலைன்னாலோ, காதுத் துளையைச் சுத்தியிருக்கிற கிண்ணம் மாதிரியான பகுதி ரொம்ப ஆழமா இருந்தாலோ, காது தலையை விட்டு விலகி நிக்கும். மத்தபடி காது நல்லாவே கேக்கும். காதுக்குப் பின்பக்கம் கீறி, குருத்தெலும்பை மடக்கித் தையல் போடுற சிகிச்சைக்குப் பேரு ஓட்டோபிளாஸ்டி. அஞ்சாறு வயசுக்குள்ள காது ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைஞ்சிடும். அதனால பொதுவா அதுக்கப்புறம்தான் செய்வாங்க.

இது நேத்து வந்த ஃபேஷனும் இல்லை. 1881-லயே நியூயார்க்ல எட்வர்ட் ஈலிங்கிற டாக்டர் 12 வயசுப் பையன் ஒருத்தனுக்கு இதைப் பண்ணியிருக்கார். காரணம்? கூட இருந்த பசங்க கேலி. 140 வருஷத்துக்கு மேல ஆச்சு, காரணம் மட்டும் மாறவே இல்லை.

தெரிஞ்சவர் ஒருத்தர் போன வாரம் யோசனை கேட்டார். பொண்ணுக்கு ஏழு வயசு. ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு ஜாலியா திரியுறா, காதைப் பத்தி அவளுக்குக் கவலையே இல்லை. அம்மாவுக்குத்தான் இப்பவே கல்யாணக் கவலை! "வேணாம் சார், அவளா கேக்கட்டும்"னுட்டேன்.

ஏன்னா மயக்க மருந்து, தலையைச் சுத்திக் கட்டு, வலி எல்லாம் அவளுக்குத்தான். ரத்தக்கட்டு வரலாம், கிருமி தொத்தலாம், தையல் விட்டுக் காது பழையபடி நிமிரலாம். அம்மாவோட கவலைக்கு அவ ஏன் இதையெல்லாம் தாங்கணும்?

இதுவே போட்டோன்னா ஓடி ஒளியுற, காதை மறைக்க முடியை வெட்டவே விடாத பையன் தானா வந்து கேட்டா, தயங்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. "அழகு மனசுல இருக்குடா"ன்னு அவனுக்குத் தத்துவம் சொல்றது ரொம்ப ஈஸி. தினம் வகுப்புல போய் உக்கார்றது அவன்தானே?

பச்சைக் குழந்தைன்னா இன்னொரு வழியும் இருக்கு. பிறந்த முதல் சில வாரம் குருத்தெலும்பு மெத்துன்னு இருக்கும். அப்ப டாக்டர் அச்சு வச்சு ஒட்டி விட்டாலே பல காதுகள் கத்தியில்லாம படிஞ்சிடும். இதை யாரும் சரியான நேரத்துல சொல்றதில்லைங்கிறதுதான் கொடுமை.

கடைசியா ஒண்ணு. வாத்தியாரே "டேய் முறக்காதா"ன்னு கூப்பிட்டு வகுப்பையே சிரிக்க வைக்கிற ஊரு இது. காதை மடக்க டாக்டர் இருக்கார். அந்த வாயை மடக்குறது நம்ம வேலைதான். என்னங்க சொல்றீங்க?