படியில் தொங்கும் வாலிபம்

காலை எட்டு மணிக்குப் புறப்படும் எந்த டவுன் பஸ்ஸையும் பாருங்கள். உள்ளே மூச்சுவிட இடமில்லை. படியில் ஏழெட்டு வாலிபர்கள். ஒரு கை கம்பியில், ஒரு கால் படியில், மற்றதெல்லாம் வெளியே. பள்ளி மாணவன், மில்லில் வேலை பழகும் பையன், கொத்தனாரின் கையாள் — எல்லோரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள்.

இவர்களில் பலர் இடமில்லாமல் தொங்குகிறார்கள். சிலர் இடமிருந்தும் தொங்குகிறார்கள். இந்தச் சிலருக்கு முதலில் ஒரு வார்த்தை.

2012 டிசம்பர் 10ந் தேதி சென்னை கந்தன்சாவடி அருகே, மாநகர பஸ்ஸின் படியில் நின்ற 4 மாணவர்கள் லாரியில் மோதி மாண்டனர். 2018 ஜூலை 24ந் தேதி பரங்கிமலை ஸ்டேஷனில், ரயில் படியில் தொங்கியவர்கள் சுவரில் மோதி 5 பேர் மடிந்தனர். 2025 ஜூன் 9ந் தேதி மும்பை அருகே மும்ப்ராவில், எதிரெதிரே கடந்த இரு ரயில்களில் தொங்கியவர்கள் விழுந்து, அன்றே 4 பேர் இறந்தனர். கையில் பலம் இல்லாமலா இவர்கள் இறந்தார்கள்? லாரி எங்கே வரும், சுவர் எங்கே நிற்கும் என்பது தொங்குகிறவன் கையில் இல்லை!

துணிச்சல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. துணிச்சல் இல்லாமல் எந்த மில்லிலும் சங்கம் பிறந்ததில்லை. எந்தக் கிராமத்திலும் கூலி உயர்ந்ததில்லை. ஆனால் சிநேகிதர்களின் கைதட்டலுக்காக உயிரைப் பணயம் வைப்பது வீரமல்ல, வீண்.

இதைச் சொல்லும்போதே, வாலிபனைத் திட்டிவிட்டுக் கை கழுவுகிறவர்களையும் கேட்கவேண்டியிருக்கிறது. பரங்கிமலையில் அன்று யாரும் விளையாட்டுக்குத் தொங்கவில்லை. மின்கம்பிக் கோளாறால் வண்டிகள் தடைப்பட்டன; வேலைக்குப் போகவேண்டியவர்கள் கிடைத்த வண்டியில் ஏறினர். சுவர் இருப்பது தொங்கியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நிர்வாகத்துக்குமா தெரியாது?

1988ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், 123வது பிரிவு: படியில் ஆள் ஏற்றுவதும் குற்றம், படியில் பிரயாணம் செய்வதும் குற்றம். டிரைவர், கண்டக்டர் மீது பாயலாம். பிரயாணி மீதும் பாயலாம். மூன்று பஸ் ஓடவேண்டிய தடத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுகிறவர் மீது பாய இந்தப் பிரிவில் இடமில்லை.

இன்னொன்றை ஒவ்வொரு தொழிலாளி குடும்பமும் தெரிந்துகொள்ளவேண்டும். ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால், “அவன் அஜாக்கிரதை” என்று சொல்லி ரயில்வே தப்பிக்க முடியாது. கதவருகே நின்றது அஜாக்கிரதையாக இருக்கலாம், அது குற்றச் செயல் அல்ல என்று 2010ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி, டிக்கெட்டோ சீசன் பாஸோ எடுத்துப் பிரயாணம் செய்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு. 2017 முதல் இத்தொகை 8 லட்சம் ரூபாய். ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும்.

விவசாயத் தொழிலாளியின் நிலைமை இதைவிட மோசம். நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களை லோடு வண்டியில் அடைத்துக் கொண்டுபோகிறார்கள். வாலிபர்கள் விளிம்பில் உட்காருகிறார்கள். வண்டி கவிழ்ந்தால், “இது சரக்கு வண்டி” என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கிறது. வேலைக்கு அழைக்கிறவரே ஆள் ஏறும் வண்டிக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்பது கூலிக் கோரிக்கையோடு சேரவேண்டிய கோரிக்கை.

ஷிப்ட் நேரத்திலும் பள்ளி நேரத்திலும் கூடுதல் பஸ் வேண்டும். எல்லா பஸ்ஸுக்கும் மூடும் கதவு வேண்டும். பாஸ் வைத்திருக்கும் மாணவனைக் கண்டதும் நிற்காமல் போகும் வழக்கம் ஒழியவேண்டும். வாலிபர்களே, விசிலடித்து உங்களை உள்ளே கூப்பிடும் கண்டக்டரும் தொழிலாளிதான். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருடைய சங்கத்தோடு சேர்ந்து டெப்போ வாசலுக்குப் போங்கள்.

கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகள், கோரிக்கைக் கொடியைப் பிடிக்கட்டும்!