பாதியில் திரும்புபவருக்கும் மானியம் வேண்டும்

மூட்டம் போட்ட காலையில் பிள்ளையார்பாளையத்தில் யாரும் பாவை வீதியில் நீட்டுவதில்லை. கஞ்சி போட்ட பட்டு நூலில் மழை விழுந்தால் பாவு கெடும். போட்ட முதல் அதோடு போகும். ஐப்பசி அடைமழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். வானத்தைப் பார்த்து வேலையை ஒத்திப்போடுவது காஞ்சிபுரத்து நெசவாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய பாடமல்ல.

அதே குடும்பம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தோடு வடநாட்டு யாத்திரைக்குக் கிளம்பும்போது மட்டும் வானத்தைப் பார்க்கும் உரிமையை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறது. இன்ன தேதி காத்மாண்டு, இன்ன தேதி முக்திநாத், மறுநாள் மாலை போக்ரா, அதற்கடுத்த நாள் ஊர் திரும்பும் ரயில் என்று நாள்வாரியாக அச்சடித்த துண்டறிக்கைதான் அங்கே பஞ்சாங்கம். பனி பெய்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரி கூட இருப்பதில்லை.

காஞ்சிக்கும் இமயத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதல்ல. முக்தி தரும் ஏழு நகரங்களில் இது ஒன்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ராஜசிம்ம பல்லவன் கயிலாசநாதருக்கு இங்கே கற்றளி எழுப்பிவிட்டான். 108 திவ்ய தேசங்களில் 14 இந்த ஊரில் இருக்கின்றன. அவற்றைச் சேவித்து முடித்தவருக்கு அடுத்த ஏக்கம் வடக்கே: தேவப்பிரயாகை, ஜோஷிமட் என்கிற திருப்பிரிதி, பத்ரி, கடைசியில் நேபாளத்துச் சாளக்கிராமமான முக்திநாத். சைவருக்குக் கயிலையும் மானசரோவரும். இவற்றில் மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் போய்வருபவர்களுக்கு 2012 முதல் தமிழக அரசின் அறநிலையத் துறை மானியமும் தருகிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. அந்த மானியத்தின் விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

ஏன் என்பதற்கு 2014 அக்டோபரை நினைவுபடுத்த வேண்டும். வங்கக் கடலில் வலுத்த ஹுத்ஹுத் புயல் அந்த மாதம் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. கரை கடந்ததும் புயலை மறந்துவிடுவது நம் வழக்கம். தொலைக்காட்சி வேறு செய்திக்குப் போய்விடும். ஆனால் அதன் மிச்சம் ஈரத்தைச் சுமந்தபடி வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைகளில் மோதியது. நமக்கு மழையாக இறங்கும் தண்ணீர் அங்கே பனியாக இறங்கியது. 14-ஆம் தேதி, 5,416 மீட்டர் உயரத்தில் உள்ள தோரோங் கணவாயைக் கடந்துகொண்டிருந்தவர்கள் இடுப்பளவு பனியிலும் கண் திறக்க முடியாத காற்றிலும் சிக்கினார்கள். குறைந்தது 43 பேர் இறந்தார்கள். அந்தக் கணவாயின் மேற்கு அடிவாரத்தில் இருப்பது வேறெந்த ஊரும் அல்ல, முக்திநாத்தான்.

அக்டோபர் என்பது அந்த மலைகளுக்குப் போக மிக நல்ல மாதம் என்று எல்லோரும் சொல்லும் மாதம். பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். புயலின் பாதையும் ரகசியமாக இருக்கவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாள்கணக்கில் அதைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. மலைமேல் நடந்துகொண்டிருந்தவர்களுக்கு அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அப்போதைய நேபாளப் பிரதமர் சுஷில் கொய்ராலாவே, இனி முன்னெச்சரிக்கை அமைப்பு ஏற்படுத்தப்படும் என்று பிறகு அறிவிக்க வேண்டியிருந்தது. செத்தவர்களில் வெளிநாட்டு நடையர்கள் மட்டும் இல்லை. கூலிக்குச் சுமை தூக்கியவர்கள், வழிகாட்டிகள், யாக் மேய்ப்பவர்களும் இருந்தார்கள். தினக்கூலியின் அருமை தெரிந்த ஊர் நம்முடையது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் அதுதான்.

பனி அழகாக விழும், பார்த்தால் பயம் வராது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் பனியோடு சேர்ந்த காற்று. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடம்பு உணர்வது ஏறக்குறைய மைனஸ் 21. உடுப்பு நனைந்திருந்தால் இன்னும் மோசம். விரல் மரத்துப்போகும், பிறகு பேச்சு குழறும், பிறகு மனிதர் தமக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பார். குளிர் மூளையைத் தொட்டுவிட்டதற்கு அதுவே அடையாளம். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும்போது பத்தடி முன்னால் போகிறவர் காணாமல் போவார். கடல் மட்டத்தை ஒட்டி வாழ்ந்த நுரையீரல் 3,700 மீட்டருக்கு மேலே முக்கால் பங்கு காற்றுகூட இல்லாமல் தவிக்கும் நேரத்தில் இது நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் யாத்திரைக் குழுக்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள்.

"நாங்கள் கணவாயா ஏறப்போகிறோம்? ஜோம்சோம் வரை விமானம், அங்கிருந்து ஜீப்" என்று யாத்திரை நடத்துபவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய விமானங்கள் ஏன் காலையில் மட்டும் பறக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே ஓடும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கடந்தால் காற்று பேயாக வீசும். விமானம் இறங்க முடியாது. சாளக்கிராமம் பொறுக்கிய கையோடு பக்தர்கள் நாள்கணக்கில் ஜோம்சோமில் காத்துக் கிடப்பது இதனால்தான். 2022 மே 29 அன்று போக்ராவிலிருந்து ஜோம்சோம் கிளம்பிய தாரா ஏர் விமானம், மேகத்துக்குள் சிக்கி மலையில் மோதியதில் 22 பேரும் இறந்தார்கள், நால்வர் இந்தியர். இருபது நிமிடப் பயணம் அது. 2018 ஜூலையில் மானசரோவரிலிருந்து நேபாளம் வழியாகத் திரும்பிய 1,500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் திபெத் பக்கத்திலும் வானிலை தெளியக் காத்துத் தவித்தபோது, காத்மாண்டில் உள்ள இந்தியத் தூதரகம் தமிழில் பேசுவதற்கென்றே ஒரு தொலைபேசி எண் வைத்தது. சிக்கியவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

கோடையில் போனால் பனி இருக்காது என்பது இன்னொரு நம்பிக்கை. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தாலுக்கு நடந்து போன 22 பேர் கொண்ட கர்நாடகக் குழுவைப் பனிக்காற்று மடக்கியது. ஒன்பது பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். ஜூன் மாதம்! குளிர்காலத்தின் கதை தனி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து அடுத்தடுத்து வரும் மேற்கத்திய இடையூறுகள் டிசம்பர் முதல் மார்ச் வரை இமயத்தில் பனியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். 2018 டிசம்பர் 28 அன்று சிக்கிமின் நாதுலா பாதையில் நூற்றுக்கணக்கான வண்டிகளோடு சிக்கிய சுமார் 2,500 சுற்றுலாப் பயணிகளைப் படைவீரர்கள்தான் தங்கள் பாசறையில் தங்கவைத்துக் காப்பாற்றினார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தில் பனிச்சரிவு, சாலைப் பணியாளர் முகாமைப் புதைத்தது. 54 பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். அங்கேயே தங்கி வேலை செய்து பழகியவர்கள் கதியே அது.

பனிக்காலத்தில் பத்ரிநாத் கோயிலே நடை சாத்திவிடுகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தீபாவளி கழிந்து நவம்பரில் மூடினால் சித்திரை வாக்கில்தான் திறப்பு. அதுவரை வழிபாடு கீழே ஜோஷிமட்டிலும் பாண்டுகேசுவரத்திலும். மலையின் நாள்காட்டிக்குத் தெய்வத்தின் பூசையே கட்டுப்படுகிறது. அச்சடித்த துண்டறிக்கை மட்டும் ஏன் கட்டுப்படக் கூடாது?

காரணம் பணம். பாதி வழியில் திரும்பினால் இன்றைய நிலையில் எல்லோருக்கும் நட்டம். யாத்ரீகர் கட்டிய முழுத்தொகை போகும், தரிசனமும் இல்லை. நடத்துபவருக்கு அடுத்த குழுவின் தேதி இடிக்கும், விடுதி முன்பணம் போகும், "அந்த ஆள் பாதியில் திருப்பிக் கூட்டிவந்துவிட்டான்" என்ற பெயரும் வரும். வண்டியோட்டி, சுமைகூலி, குதிரைக்காரர் ஆகியோருக்கு அன்றைய வருமானம் போகும். போய்ச் சேர்வதில் ஆதாயம், திரும்பி வருவதில் நட்டம் என்று கணக்கை அமைத்துவிட்டு, பிறகு வானம் கறுத்த காலையில் அறிவோடு முடிவெடுங்கள் என்று அந்த மனிதர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. முடிவு துண்டறிக்கை அச்சான அன்றே எடுக்கப்பட்டுவிட்டது.

எனவே மாற்ற வேண்டியது கணக்கை. வானிலை காரணமாகப் பாதியில் திரும்பியவருக்கும் முழு மானியம் உண்டு என்று அறநிலையத் துறை விதியில் வெளிப்படையாக எழுத வேண்டும். அரசுக்கு இதனால் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. போய்ச் சேர்ந்திருந்தால் கொடுத்திருக்க வேண்டிய அதே பணம்தான். அடுத்து, தமிழகத்திலிருந்து இமய யாத்திரைக்கு ஆள் சேர்ப்பவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு வேண்டுமானால் பயண நிரலில் குறைந்தது இரண்டு உபரி நாள் இருக்க வேண்டும், திரும்ப நேர்ந்தால் எவ்வளவு பணம் திருப்பித் தரப்படும் என்பது ரசீதிலேயே அச்சாகியிருக்க வேண்டும். யார் யார் போயிருக்கிறார்கள் என்ற பட்டியல் ஆட்சியர் அலுவலகத்தில் இருந்தால், ஆபத்து நேரத்தில் யாரைத் தேடுவது என்பதாவது தெரியும். வங்கக் கடல் புயல் எதுவும் வடக்கே திரும்பினால், அந்தப் பட்டியலில் உள்ள கைப்பேசிகளுக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்புவது இன்று பெரிய காரியமா? புயல் எச்சரிக்கையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ப் பழகிய மாநிலம் இது.

பக்தியில் அரசு தலையிடுவதா என்று சிலர் கேட்பார்கள். 1996 ஆகஸ்டில் அமர்நாத் வழியில் திடீரென்று பனிப்புயல் அடித்து 240-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, நிதீஷ் சென்குப்தா குழு எத்தனை பேர் போகலாம், எந்த வயதினர் போகலாம் என்றெல்லாம் வரையறுக்கச் சொன்னது. இன்று மருத்துவச் சான்று இல்லாமல் அங்கே யாரும் ஏற முடியாது. அதனால் அமர்நாத் பக்தி குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை. இங்கேயும் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த பிறகே மலையேற்றத்துக்கு விதிகள் எழுதினோம். யாத்திரைக்கும் அப்படி ஒரு துக்கத்துக்குப் பிறகுதான் எழுத வேண்டுமா?

கயிலையில் உயிர் போனால் புண்ணியம்தானே என்பவர்களுக்கு அப்பர் கதையைச் சொல்லலாம். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து கயிலைக்குப் போன திருநாவுக்கரசரிடம் முனிவர் உருவில் வந்த இறைவன், மானுடருக்கு ஆகாத வழி இது, திரும்பிப் போ என்றார். அப்பர் திரும்ப மறுத்தார் என்பதையும் பெரியபுராணம் மறைக்கவில்லை. ஆனால் கடைசியில் நடந்தது என்ன? அங்கே ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழவைத்து, காவிரிக் கரையில் கயிலைக் காட்சி கொடுத்தார். பக்தனை ஊருக்குத் திருப்பி அனுப்பத் தெய்வத்துக்குக் கூச்சம் இருக்கவில்லை. பயண ஏற்பாட்டாளருக்கு ஏன் இருக்க வேண்டும்? அத்தி வரதரைக் காண நாற்பது ஆண்டு பொறுத்திருந்து 2019-இல் சேவித்த ஊருக்கு, மேகம் விலகும் வரை இரண்டு நாள் பொறுப்பது பெரிதல்ல.

குடும்பத்தோடு குலு மணாலிக்கோ காங்டாக்குக்கோ காரில் போகும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலைப்பாதையில் பனியில் மாட்டிக்கொண்டவர்கள் கதகதப்புக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கினார்கள். புகைக்குழாயைப் பனி மூட, கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் உட்கார்ந்த இடத்திலேயே. அப்படிச் சிக்கினால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளுங்கள். எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடாமல், இடைவெளி விட்டு விட்டு ஓடவிடுங்கள். ஒரு கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள்.

அறநிலையத் துறை அடுத்த மானிய அறிவிப்பை வெளியிடும்போது அந்த ஒரு வரி அதில் இருக்க வேண்டும். அதுவரை யாத்திரைக்கு முன்பணம் கட்டப்போகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: "வானிலை சரியில்லை என்று பாதியில் திரும்பினால் எங்கள் பணம் என்ன ஆகும்?" எழுத்தில் பதில் தராதவரிடம் கட்டாதீர்கள்.