ஓ.டி. காசா, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமா?

சிற்றிதழ் வட்டாரத்தில் பட்டிமன்றத்துக்கு மரியாதை கிடையாது. ஒரு கட்டுரை பிடிக்கவில்லை என்றால் ‘பட்டிமன்றப் பேச்சு’ என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அந்த ஏளனத்தில் இந்த இதழுக்கு உடன்பாடில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கம்பெனி வேலைக்கென்று வந்து குடியேறிய குடும்பங்கள், டிக்கெட் வாங்காமல், பிள்ளைகளோடு உட்கார்ந்து, மனம்விட்டுச் சிரிக்கக் கிடைக்கிற சில இடங்களில் ஒன்று பட்டிமன்ற மேடை. தேர்த்திருவிழா, மாங்கனிக் கண்காட்சி, புத்தகக் கண்காட்சி எதுவானாலும் கூட்டம் சேர்வது அந்த மேடைக்குத்தான். அவ்வளவு பேர் கூடுகிற இடத்தை இலக்கியம் கண்டுகொள்ளாமல் விடுவது தவறு.

காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும் குன்றக்குடி அடிகளாரும் வளர்த்தெடுத்த பட்டிமன்றம் காப்பியங்களைப் பற்றியது. பாத்திரங்களை நிறுத்தி எடைபோட்டார்கள். கேட்பவர்களுக்குக் கம்பனும் இளங்கோவும் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அந்த வாசற்படியைத் தாழ்த்தி எல்லோரையும் உள்ளே விட்டவர் சாலமன் பாப்பையா. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர், மேடையில் மதுரைத் தெருப்பேச்சையே பேசினார். மாமியார், மருமகள், சம்பளம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் வழக்குகளாயின. ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிரே உட்கார, சன் டிவியில் தீபாவளி, பொங்கல் காலைகளின் சடங்காகவே அது மாறியது. 2021இல் பாப்பையாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. திண்டுக்கல் லியோனி சினிமாப் பாட்டைப் பாடிக்காட்டியே வாதத்தை நடத்தினார். இவர்கள் செய்ததைச் சிறிய காரியமாக நாம் நினைக்கவில்லை. தோற்ற அணியும் சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்துபோகிற வாதத்துக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது?

நம்முடைய குறை வேறு. அன்றாடத்தைப் பேசுகிறோம் என்கிற மேடை, எந்த ஊர் அன்றாடத்தைப் பேசுகிறது?

ஓசூருக்கு 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட், அதே காலத்தில் டிவிஎஸ் மொபெட், பின்னாலேயே டைட்டன் கடிகாரம். இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், ராயக்கோட்டைப் பக்கம் செல்போன் பாகங்கள். போச்சம்பள்ளி ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் ஓலா அறிவித்தது. டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் இளம்பெண்கள் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள். இந்த ஊரில் மேடை போட்டு, பெண்டாட்டி நகை கேட்ட கதையையும் மாமியார் காப்பி கேட்ட கதையையும் சொன்னால் முன்வரிசையில் இருக்கிற பெண் எதற்குச் சிரிப்பாள்? அவள் தன் சம்பளத்தில் நகை வாங்குகிறவள். தம்பியின் காலேஜ் பீஸையும் கட்டுகிறவள். மாமியாரை வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்தாலே அதிகம். மனைவியைக் கேலி செய்யும் ஜோக்குகள் பழசாகிவிட்டன என்பதைவிட, இங்கே அவை பொய்யாகிவிட்டன என்பதே சரி.

ஒரு தலைப்பை எடுத்துப் பார்ப்போம்: ‘ஓ.டி. காசா, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமா?’ ஓவர்டைம் காசு அணிக்காரர் எழுந்து வீட்டு அட்வான்ஸ், தங்கச்சி கல்யாணம், ஊரில் லிண்டல் மட்டத்தோடு நிற்கிற வீடு என்று அடுக்குவார். தூக்க அணிக்காரர் அடுத்து வருவார். கணவனுக்கு ஏ ஷிப்ட், மனைவிக்கு பி ஷிப்ட். சண்டை போடக்கூட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. அவன் மத்தியானம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிறான். அவள் அதை டீ பிரேக்கில் கேட்டுப் பதில் போடுகிறாள். அது வரும்போது அவன் தூங்கிவிட்டான். திங்கட்கிழமை தொடங்கிய சண்டை வியாழக்கிழமை உச்சத்துக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் முடித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் அன்றைக்கு ஓ.டி. கூப்பிட்டுவிட்டார்கள். இதற்கு இந்த ஊர் கூரை அதிரச் சிரிக்கும். சிரித்து ஓய்ந்த இடத்தில் பேச்சாளர் ஒரு கேள்வியைப் போடலாம்: நாளில் ஒன்பது மணி நேரத்துக்கோ வாரத்தில் நாற்பத்தெட்டுக்கோ மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதே, இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இரட்டையாக வாங்கியவர்கள் கை தூக்குங்கள்!

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் மே தினத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. இந்த வட்டாரத்தில் கம்பெனி பஸ் ஏறுகிற ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கக்கூடிய விஷயம் அது. நம் பட்டிமன்ற மேடைகளின் கண்ணில் இப்படிப்பட்டவை தலைப்புகளாகப் படுவதே இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

வெளியூர்ப் பேச்சாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கமிட்டிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், அவர் தேறிய தலைப்போடு வருகிறார், பொன்னாடை வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகக் காரேறிவிடுகிறார். இந்த மாவட்டத்தில் இன்னும் நடக்கிற பாரதக் கூத்தில் கட்டியக்காரன் அப்படிச் செய்வதில்லை. துரியோதனன் கொலுவில் நின்றபடியே அந்தந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியையும் ரேஷன் கடையையும் இழுத்துவிடுகிறான். ஆட வருகிற ஊரில் என்ன பேச்சு நடக்கிறது என்று காதில் வாங்காமல் அவனால் மேடையேற முடியாது.

மொழி விஷயமும் இருக்கிறது. ஓசூர்ச் சந்தையில் தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழுக்குச் சமமாகக் கேட்கும். பக்கத்து வீட்டில் உதயா டிவியில் ‘ஹரட்டே’ பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே உண்டு. ஹிரேமகளூர் கண்ணன் நடுவராக இருக்க, ரிச்சர்ட் லூயிஸ், கிருஷ்ணேகௌடா போன்றவர்கள் இரண்டு பக்கமும் பேசிய கன்னடப் பட்டிமன்றம் அது. கண்ணன் சிக்கமகளூருப் பக்கம் ஒரு ராமர் கோயிலில் கன்னடத்திலேயே பூஜை செய்கிற அர்ச்சகர். தெலுங்கில் அஷ்டாவதானம் நடக்கும்போது, கேள்வி கேட்கும் எட்டுப் பேரில் ஒருவருக்கு அவதானியின் கவனத்தைக் குலைப்பதே வேலை. சம்பந்தமில்லாத குறும்புக் கேள்விகளைப் போட்டுக்கொண்டே இருப்பார். அப்ரஸ்துதப் பிரசங்கம் என்று அதற்குப் பெயர். அவதானி பாட்டின் இழையையும் விடாமல் அவரையும் சமாளிக்க வேண்டும். நம் பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் நடுவே அப்படி ஒருவரை உட்காரவைத்தால் எப்படியிருக்கும்! ஒரு தெலுங்குக்காரர், ஒரு கன்னடக்காரர், ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒரு தமிழ்ப்பெண் ஒரே மேடையில் அவரவர் வீட்டுத் தமிழில் வாதாடட்டும். அவர்கள் கொச்சையைத் திருத்தவே கூடாது. பாப்பையா மதுரைப் பேச்சைத் தைரியமாக மேடையேற்றியதால்தான் அவர் பேச்சு ஊரெங்கும் எடுபட்டது. ஓசூர்ப் பேச்சுக்கு மட்டும் என்ன குறைச்சல்?

கண்காட்சி அமைப்பாளர்களிடமும் தேர்க் கமிட்டிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் நாம் கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த மேடையில் ஆறு பேச்சாளர்களில் இரண்டு பேராவது ஷிப்ட் போகிறவர்களாக இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வெளியூர்ப் பேச்சாளருக்குக் கொடுப்பதைப் போலவே இவர்களுக்கும் கவரில் போட்டுக் கொடுங்கள்; சம்பளம் போகிற நாளில்தான் அவர்கள் வந்து பேச வேண்டியிருக்கும். நடுவர் நாற்காலிக்கு எப்போதும் பேராசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. இருபது வருஷம் லைனில் நின்ற ஒருவர் தீர்ப்புச் சொன்னால் நாம் கேட்கத் தயார். தலைப்புகளை வாசகர்கள் எழுதி அனுப்பினால் இந்த இதழ் அச்சிடும். பொருந்துகிறவற்றை அமைப்பாளர்களிடம் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.

இன்னொன்று. பட்டிமன்றம் எப்போதும் மாலை ஆறரைக்கே தொடங்குகிறது. அந்த நேரத்தில் பி ஷிப்ட் முழுக்க கம்பெனிக்குள் இருக்கிறது, நைட் ஷிப்ட்காரர்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு முறை வைத்துப் பாருங்கள்.