கையில் நிற்காத காசு

அனந்தபுரம் கடைத்தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வருது, போவுது, கையில நிக்கல." செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பேரூராட்சியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பல வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். விலைவாசி, ஆள் கூலி, உர விலை, மழை என்று காரணம் சொல்ல எங்களுக்குப் பஞ்சமில்லை. அவை பொய்யும் இல்லை. ஆனால் இதே வருஷங்களில்தான் எங்கள் வீட்டுச் செலவில் சில இனங்கள் தாமாகக் கழன்றுபோயின. அந்தக் காசு எங்கே என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது. 2016இல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரத்துக்குக் கட்டணம் போனது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. 2023 செப்டம்பர் 15இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். பஸ் பயணத்தால் மட்டும் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அரிசியையும் கரண்டையும் விட்டுவிடுவோம். பஸ்ஸும் உரிமைத் தொகையும் சேர்ந்தால் 1,888.

இப்போது இன்னொரு கணக்கு. டாஸ்மாக் கடையில் மலிவான குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று வாங்குகிற ஆளுக்கு மாதம் 1,820 ரூபாய். சைடிஷ் தனி. எல்லா வீட்டு ஆணும் குடிக்கிறான் என்று நான் சொல்லவில்லை. குடிக்கிற வீடுகளில் பெண் பெயரில் உள்ளே வந்த காசும் ஆண் கையால் வெளியே போன காசும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதை நாங்கள் பார்த்தும் பேசாமல் இருந்தோம் என்கிறேன். டீக்கடையில் கட்சி பேசினோம், கிரிக்கெட் பேசினோம், இதைப் பேசவில்லை. பேசினால் யாராவது ஒருவருக்கு உறைக்கும், அவர் நமக்குச் சொந்தக்காரராக இருப்பார்.

செலவைக் குறைக்கவே இல்லையா என்றால், குறைத்தோம். எதைக் குறைத்தோம் என்பதில்தான் வெட்கம். பால் அரை லிட்டரிலிருந்து கால் லிட்டரானது. பழம் விசேஷ நாளுக்கு என்றானது. சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்ட அம்மாக்களை எங்கள் தெருக்களிலேயே காட்ட முடியும். செல்போன் தவணை, கேபிள், வண்டி பெட்ரோல் இவற்றில் யாரும் கை வைக்கவில்லை. சிக்கனமாக இரு என்று சொன்னவர் ஒருவர், சிக்கனத்தைத் தட்டில் சுமந்தவர் வேறொருவர்.

இத்தனைக்கும் சேமிப்பு எங்களுக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்பது 1989இல் தர்மபுரியில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. அங்கே அது பிடித்துக்கொண்டதும் அடுத்துக் கொண்டுவந்த இடங்களில் அன்றைய தென்னாற்காடும் ஒன்று, 1991-92இல். விழுப்புரம் தனி மாவட்டமானதே 1993இல்தான். மாவட்டத்துக்கு முன்பே குழு வந்துவிட்டது. தமிழ்நாட்டின் பல பகுதிகள் குழு என்ற சொல்லைக் கேட்பதற்கு முன் எங்கள் பெண்கள் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து சந்தா கட்டினார்கள்.

அந்தக் குழுக்களின் முறையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது இருபது வயதுப் பெண்களுக்கு அது தெரியாது. பன்னிரண்டு முதல் இருபது பேர். ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு சின்னத் தொகை சந்தா. அந்தச் சந்தாவிலிருந்தே உள்கடன்: ஒருத்திக்கு ஆஸ்பத்திரிச் செலவு, இன்னொருத்திக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகம். வாங்கியது, கட்டியது எல்லாம் தீர்மான நோட்டில் ஏறும், கையெழுத்து தெரியாதவர் கைநாட்டு வைப்பார். சில மாதம் இப்படி ஒழுங்காக நடந்து காட்டிய பிறகுதான் வங்கி கதவைத் திறக்கும். முதலில் சேமிப்பு, பிறகு உள்கடன், கடைசியில் வங்கிக் கடன் என்பது வரிசை.

வரிசையைத் திருப்பிப் போட்டது நாங்கள்தான். எப்போது கடன் வரும் என்பதே குழுக் கூட்டத்தின் பேச்சானது. சந்தா என்பது கடனுக்குக் கட்டும் நுழைவுக் கட்டணம் மாதிரி ஆனது. தீர்மான நோட்டை எழுத ஆளில்லாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மூன்று மாதத்துக்கு ஒரேயடியாக எழுதவைத்தோம். கடன் வந்த அன்றே சம பங்காகப் பிரித்தோம். தேவை யாருக்கு, எவ்வளவு என்று கேட்பதுதான் குழுவின் வேலை, அதை விட்டுவிட்டோம். சேமிப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் ஊக்குநருக்கே தெரியாத குழுக்கள் உண்டு.

அந்த இடத்தில்தான் வாரத் தவணைக் கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன. அவர்களுக்கும் குழு வேண்டும், ஆனால் சந்தா வேண்டாம், நோட்டு வேண்டாம். காலை ஏழு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டு வாசலில் சென்டர் மீட்டிங். ஃபீல்டு ஆபீசர் பைக்கில் வந்து இறங்குவார். கட்டாதவர் பங்கை மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும். எந்தக் கிழமை எந்தக் கம்பெனி என்று நினைவு வைத்துக்கொள்வதே ஒரு வேலை. திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று. ஒன்றை வாங்கி இன்னொன்றைக் கட்டுவதற்கு எங்களூரில் "ரொட்டேஷன்" என்று பெயர். வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. நாங்கள் படிவத்தில் வருமானத்தைக் கூட்டிச் சொன்னோம், விதி அடங்கிவிட்டது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்ததை எல்லோரும் வரவேற்றோம். வாங்கிய கடனில் எத்தனை கடன் தொழிலுக்கு, எத்தனை காதுகுத்துக்கு என்று மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுயர பேனர், செண்டை மேளம், தாய்மாமன் தட்டு 101. மொய் திரும்பி வரும் என்பது நம்பிக்கை. மொய் நோட்டில் இருப்பது நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதை நோட்டை மூடி வைத்ததும் மறந்துவிடுகிறோம்.

சிறுவாடு பற்றிச் சொல்லாமல் முடியாது. அரிசிப் பானையில், மிளகாய் டப்பாவில், சாமி படத்துக்குப் பின்னால் பெண்கள் ஒதுக்கிவைத்த காசுதான் இந்தப் பக்கத்தில் நீண்டகாலச் சேமிப்பு என்று ஏதாவது இருந்ததென்றால் அது. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாளிலிருந்து பானைகள் கவிழ்ந்தன. புருஷனுக்குத் தெரியாமல் வைத்ததைப் புருஷனிடமே கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டி வந்தது. "எவ்ளோ வச்சிருக்கா பாரு எங்க வீட்டு ரிசர்வ் பேங்க்" என்று சிரித்தோம். சிரித்துவிட்டு, வங்கிக்குப் போய் மாற்றிவந்த காசில் பாதியை வீட்டுச் செலவில் கலந்தோம். திரும்பக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் அன்றோடு அறுந்தது. 2014இலிருந்து திறந்துகொடுத்த ஜன் தன் கணக்கு பல பெண்களிடம் இருந்தது. பானைக்குப் பதில் அதில் போடச் சொல்லி, பாஸ்புக்கை அவர்கள் கையிலேயே விட்டிருக்கலாம். பாஸ்புக் இன்றைக்கும் எங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது, ஏடிஎம் கார்டோடு.

மல்லாட்டை விஷயம் இன்னும் சிறியது, ஆனாலும் உறுத்துகிறது. இது மல்லாட்டை (நிலக்கடலை) பூமி. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு டிஎம்வி என்றே பெயர், தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரில் விதைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் அறுவடையில் வீட்டு எண்ணெய்க்கென்று மூட்டை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சம் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போகும். இப்போது களத்திலேயே வியாபாரிக்கு எல்லாம் போகிறது, முன்பணம் வாங்கிவிட்டதால். அடுத்த வாரமே பாக்கெட் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போகிறோம். விளைகிற வீட்டுக்குள் எண்ணெய்ச் செலவு என்று ஓர் இனம் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை. திண்டிவனமும் விழுப்புரமும் தண்ணீரில் கிடந்தன. நெல் போனது, ஆடு மாடு போனது, சிலருக்குக் கூரை போனது. அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்தது. போதாது என்று கோபப்பட்டோம், நியாயமான கோபம்தான். ஆனால் அந்த 2,000 வரும்வரை நாலு நாள் தள்ள எங்கள் வீடுகளில் எவ்வளவு ரொக்கம் இருந்தது? மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கும் மெழுகுவத்திக்கும் கடன் சொன்ன வீடுகள் எத்தனை? வயல் தண்ணீர் வடிவதற்குள் தவணைக் கிழமை வந்துவிட்டது. அடகு வைக்க மிச்சமிருந்த நகையும் கிளம்பியது.

உரிமைத் தொகையின் 1,000 ரூபாயை மட்டும் அஞ்சலகத்தில் ஆர்.டி. போட்டிருந்தால் 6.7 விழுக்காடு வட்டியில் ஐந்து வருஷத்தில் 71,000 ரூபாய்க்கு மேல் வரும். கட்டியது 60,000. பத்து வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் அதே ஆயிரத்தைச் செல்வமகள் கணக்கில் பதினைந்து வருஷம் போட்டால், வட்டி இன்றைய 8.2 விழுக்காட்டிலேயே நின்றால், இருபத்தோராவது வருஷம் ஐந்தரை லட்சம் வாக்கில் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு வட்டியை மாற்றலாம். நாலரை லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்களூர் அஞ்சலகம் நடந்துபோகிற தூரம். வேண்டிய சான்றுகளைக் கொண்டுபோனால் கணக்கு திறந்துவிடலாம்.

அஞ்சலகத்துக்கு நடக்காத நாங்கள் தீபாவளிச் சீட்டுக்கு வரிசையில் நின்றோம். மாதாமாதம் கட்டினால் தீபாவளிக்குத் தங்கக் காசு, வெள்ளிக் கொலுசு, மளிகை, பட்டாசுப் பெட்டி. பிடித்துக் கொடுத்தவர் தெரிந்தவர், அதுவே எங்களுக்கு ரசீது. சீட்டு நிதிச் சட்டம் 1982இல் வந்தது. இது அந்தச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேட்க எங்களுக்குக் கூச்சம். 2022இல் ஆருத்ரா நிறுவனம் வீழ்ந்தபோது போலீஸ் சொன்ன கணக்கு, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய். மாதம் 25, 30 விழுக்காடு வட்டி தருவதாகச் சொல்லி வாங்கியது. அஞ்சலகம் வருஷம் முழுக்கக் கொடுப்பதைப் போல நான்கு மடங்கை மாதத்தில் கொடுக்கிறவர் எங்கிருந்து கொடுப்பார் என்ற கேள்வி அந்த ஒரு லட்சம் பேருக்கும் தோன்றியிருக்கும். எங்களுக்கும் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரர் முதல் மாதம் வாங்கிவிட்டார் என்றதும் அடங்கிவிட்டது.

கடைசியாக ஒன்று, செலவில் மிகச் சின்னது. 2015இல் வந்த இரண்டு காப்பீட்டுத் திட்டங்கள் எங்களில் பலர் கணக்கில் எப்போதோ சேர்க்கப்பட்டவை. பிரதமர் ஜீவன் ஜோதி, வருஷம் 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். சுரக்ஷா, வருஷம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டும் மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். அந்த வாரம் கணக்கில் காசு இல்லாததால் எங்களில் பலருக்கு அது நின்றுபோனது, நின்றது தெரியவும் இல்லை. நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளில் வேறு கோளாறு: அப்படி ஒன்று இருப்பது மனைவிக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது. நாமினி இடம் காலியாக இருக்கும், அல்லது எப்போதோ இறந்துபோன அம்மாவின் பெயர் இருக்கும். கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து செத்தவரின் காரியத்துக்கு ஊரே கடன் வாங்கிக் கொடுத்தோம். அவர் பாஸ்புக்கில் 20 ரூபாய் பிடித்த வரி இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அனந்தபுரத்திலும் சுற்றுவட்டத்திலும் இன்னும் புரட்டிப் பார்க்காத பாஸ்புக்குகள் நிறைய வீடுகளில் இருக்கின்றன.