அல்ட்ராபிராடக்ட்: வெறும் மொழிபெயர்ப்புதானா?

1966-ல் பெர்ன்ஸ்டைனும் ஆபிரகாம் ராபின்சனும் ஒரு தேற்றத்தை நிறுவினார்கள். ஹில்பர்ட் வெளியில் ஓர் ஆபரேட்டரை பூச்சியமல்லாத ஏதாவதொரு பாலினாமியலில் போட்டால் காம்பாக்ட் ஆகிவிடுகிறது என்றால், அதற்கு இன்வேரியண்ட் உள்வெளி உண்டு. நிரூபணம் மாடல் தியரி வழியாக வந்தது. அதே ஆய்விதழின் அதே தொகுதியில் பால் ஹால்மோஸ் அதை வழக்கமான அனாலிசிஸ் மொழியில் எழுதிக் காட்டிவிட்டார். 'பார்த்தீர்களா, தருக்கமெல்லாம் தேவையே இல்லை' என்று சொல்பவர்களுக்கு இது வசதியான உதாரணம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஹால்மோஸ் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் மொழிபெயர்க்க முடிகிறது என்பதற்காக மூலம் வேண்டாம் என்றாகிவிடுமா?

அல்ட்ராபிராடக்ட் என்பது என்ன? எண்ணற்ற கட்டமைப்புகளை வரிசையாக நிறுத்தி, 'பெரும்பாலான' இடங்களில் எது உண்மையோ அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வது. எது பெரும்பான்மை என்று சொல்வது அல்ட்ராஃபில்டர். (பயனுள்ள அல்ட்ராஃபில்டர் ஒன்றைக்கூட யாராலும் வெளிப்படையாக எழுதிக் காட்ட முடியாது. தேர்வு அடிகோளை நம்பித்தான் காலம் ஓடுகிறது!) முதல்நிலைத் தருக்க வாக்கியங்களுக்கு இந்தத் தீர்ப்பு செல்லும் என்பது வோஷின் 1955 தேற்றம். போலந்துக்காரர், ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லாஸ்' என்று படித்துவிடாதீர்கள்.

பனாக் வெளிகளில் இதை அப்படியே செய்தால் நார்ம் முடிவிலியாகவும் மிகநுண்ணியதாகவும் உள்ள குப்பை சேரும். 1972-ல் டகுன்யா-காஸ்டெலும் கிரிவினும் அதைக் கூட்டிப் பெருக்கினார்கள்: வரம்புள்ள தொடர்வரிசைகள் மட்டும் உள்ளே, நார்ம் பூச்சியத்தை நெருங்குபவை எல்லாம் பூச்சியம். பலனைப் பாருங்கள். பூச்சியத்தை நெருங்கும் தொடர்வரிசைகளின் வெளிக்குள் முடிவிலாப் பரிமாண ஹில்பர்ட் வெளி எந்த உருவத்திலும் அடங்காது. ஆனால் எந்த முடிவுள்ள பரிமாண யூக்ளிட் வெளியும் மிகச் சிறிய பிசகோடு அடங்கும். அதன் அல்ட்ராபவருக்குப் போனால் பிசகு மறைந்து, ஹில்பர்ட் வெளி முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இதற்கு விலை உண்டு. 'சமம்' என்பது 'கிட்டத்தட்ட சமம்' ஆகிவிடுவதால் வோஷ் தேற்றம் பழைய வடிவில் நிற்காது. உண்மை மதிப்பையே 0 முதல் 1 வரையான எண்ணாக்கும் தொடர் தருக்கம் அதைச் சரிசெய்கிறது. பென் யாகோவ், பெரன்ஸ்டைன், ஹென்சன், உஸ்வியாட்சோவ் நால்வரும் 2008-ல் அதை விரிவாக எழுதி வைத்தார்கள்.

இதுவும் அலங்காரம்தான் என்பவர்களுக்கு ஒரு கதை. அல்ஜீப்ராக்களில் ஒரு பெரிய வகுப்பு முழுவதும் ஹைப்பர்ஃபைனைட் ஃபேக்டரின் அல்ட்ராபவருக்குள் அடங்கிவிட வேண்டும் என்று 1976-ல் அலன் கான் போகிறபோக்கில் எழுதினார். அடங்காது என்ற விடை 2020-ல் கணினி அறிவியல் பக்கமிருந்து ஜி, நடராஜன், விடிக், ரைட், யுவன் ஐவரிடமிருந்து வந்தது. அவர்களின் முடிவிலிருந்து அந்த விடைக்குச் சுருக்கமான பாதை போட்டவர்கள் மாடல் தியரிக்காரர்களான கோல்ட்பிரிங்கும் ஹார்ட்டும். கான் எதிர்பார்த்தது சரியென்றால், அந்த ஃபேக்டரைப் பற்றிய ஒருவகை வாக்கியங்களின் மதிப்பைக் கணினி நிரலே கணக்கிட்டுவிடும். ஆனால் அது முடியாது. இதை தருக்கமில்லாமல் எப்படிச் சொல்வது என்று யாராவது விளக்கினால் கேட்கத் தயார்.