விறகில் ஓடிய நாடு

1940 ஏப்ரலில் ஜெர்மன் படைகள் டென்மார்க்கிலும் நார்வேயிலும் புகுந்தபோது ஸ்வீடன் போரில் சேரவில்லை. ஆனாலும் அதன் மேற்குக் கடல்வழி அடைபட்டுப்போனது. பெட்ரோலுக்கு இறக்குமதியையே நம்பியிருந்த நாடு அது. காடு மட்டும் ஏராளமாக இருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே 70,000க்கும் மேற்பட்ட வண்டிகள் விறகிலும் மரக்கரியிலும் ஓடத் தொடங்கின. கார், பஸ், லாரி, டிராக்டர், படகு என்று எதுவும் விடுபடவில்லை.

விறகை எரித்து நீராவி உண்டாக்கிய வண்டிகள் அல்ல இவை. வழக்கமான பெட்ரோல் இன்ஜினோடு ஓர் உலையைப் பொருத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். உலைக்குள் விறகுத் துண்டுகளைக் கொட்டி இறுக மூடிவிட்டு, முழுதாக எரியப் போதாத அளவுக்கே காற்று விடுவார்கள். மேலே விறகு காயும். அதற்குக் கீழே சூட்டில் சிதைந்து புகையாகவும் தாராகவும் கரியாகவும் பிரியும். காற்று நுழையும் இடத்தில் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். புகை முழுவதையும் அந்த நெருப்பின் வழியாகவும், அதற்குக் கீழே தகிக்கும் கரிப்படுகையின் வழியாகவும் கீழ்நோக்கி இழுத்தால் தார் சிதைந்துவிடும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கொண்ட, இன்ஜினில் எரியக்கூடிய மரவாயு கிடைக்கும். 1920களில் இந்த உலைக்கு உருக்கொடுத்தவர் ஜார்ஜ் இம்பெர்ட். தார் ஒழுங்காகச் சிதையாவிட்டால் இன்ஜினின் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். அவருடைய திறமையெல்லாம் அந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதில்தான் இருந்தது.

கிடைக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி, எரியாத நைட்ரஜன். அதனால் இன்ஜினின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்குச் சுமார் மூன்று கிலோ காய்ந்த விறகு வேண்டும். காலையில் உலையைப் பற்றவைத்துக் காத்திருக்க வேண்டும். சாம்பல் தட்ட வேண்டும். வடிகட்டியைக் கழுவ வேண்டும். நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு, மூடிய கொட்டகைகளில் ஆட்களை மயக்கிச் சாய்த்தது. அந்த ஆண்டுகளில் ஸ்வீடனின் மருத்துவர்கள் இந்த நச்சுக்கு ஆளானவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. மரவாயுவை எளிய அற்புதமாகச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மறைத்துவிடக் கூடாது.

நம் ஊரிலும் அதே காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தது. கரி பஸ்ஸின் பின்னால் நின்று கிளீனர் ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்றியதையும், மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளியதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் உண்டு. கரிதான் தார் குறைவான எரிபொருள். ஆனால் விறகைக் கரியாக்கும்போதே அதன் ஆற்றலில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அந்த நஷ்டம் காட்டின் தலையில் விழுந்தது.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் ஸ்வீடன்காரர்கள் உலைகளைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதில் வியப்பில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் அடுத்துச் செய்த காரியம். அந்த ஆண்டுகளில் கற்றதையெல்லாம், தோல்விகளையும் சேர்த்து, ஸ்வீடனின் பொறியியல் அறிவியல் கழகம் 1950இல் ஒரு நூலாக வெளியிட்டது. இனி யாருக்கும் வேண்டாம் என்று தோன்றிய ஒரு தொழிலைப் பற்றி அவ்வளவு பொறுப்போடு எழுதிவைத்தார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகம் மறுபடியும் விறகு உலையைத் தேடியபோது, 1979இல் அமெரிக்காவின் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் அதையே ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. இன்று வீட்டுக் கொல்லையில் உலை செய்து காரில் மாட்டுகிற ஆர்வலர்களில் பலர் அந்த அறிவின் வாரிசுகள்தான்.

அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் விவசாயக் கழிவில் கார் ஓட்டலாம் என்ற பேச்சில் கணக்கு உதைக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 100 கிலோமீட்டர் போக 20 கிலோ விறகு கேட்கும். அதுவும் காய்ந்த, கைக்கடக்கமான, ஒரே அளவுத் துண்டுகளாக இருக்க வேண்டும். கொட்டாங்கச்சி இந்த வேலைக்குச் சரியாக வரும். நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கான உமியோ, இம்பெர்ட் உலையில் தானாகச் சரிந்து இறங்காது; எரிந்தபின் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதற்கு வேறு வகை உலையும், பக்கத்திலேயே நின்று கவனிக்கும் ஆளும் தேவை. ஓடுகிற காரில் இரண்டும் கிடைக்காது.

ஓரிடத்தில் நிற்கும் இன்ஜினுக்கு இது பொருந்தும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஹோசஹள்ளி என்ற சிற்றூரில் 1988இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் ஒரு மரவாயு உலையை நிறுவினார்கள். விளக்கும் குடிநீரும் மாவு மில்லும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதனால் நடந்தன. அதற்கான விறகை ஊரிலேயே வளர்த்தார்கள், உள்ளூர்க்காரர்களே உலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படியோர் உலையைக் கழிவில் நடத்த நினைத்தாலும், நம் மாவட்டங்களில் உமி ஏற்கெனவே அரிசி ஆலைக் கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறது. கடலைக்கொடி மாட்டுக்குத் தீவனமாகிறது. இவையெல்லாம் போக ஊருக்கு ஊர் உண்மையில் எஞ்சுவது எவ்வளவு என்று வேளாண் துறை கணக்கெடுத்து வெளியிடட்டும். உலைகளுக்கான மானியமும் திட்டமும் அதற்குப் பிறகு வரட்டும்.