தொழிற்சாலை வாசலோடு முடியாத தரம்

சிஞ்ச்வட் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையம் ஆகுர்டி. பஜாஜ் ஆட்டோவின் தலைமையகம் அங்குதான் உள்ளது. அந்நிறுவனம் 1972இல் அறிமுகப்படுத்திய சேத்தக் ஸ்கூட்டரை வாங்க, உரிம ஆட்சிக் காலத்தில் பத்தாண்டு வரை காத்திருந்தோர் உண்டு. பொருள் தரமாக இருந்தால் வாடிக்கையாளர் தாமே தேடி வருவார் என்பதற்கு அந்தக் காத்திருப்புப் பட்டியலைச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் உளர். அச்சான்று செல்லாது. வேறு வழியற்றவர் வரிசையில் நிற்பது விசுவாசம் ஆகாது. 1985இல் ஹீரோ ஹோண்டாவின் மோட்டார் சைக்கிள் வந்தது, சந்தையும் திறந்தது, வரிசை கலைந்தது. 2009இல் ஸ்கூட்டர் உற்பத்தியையே கைவிடுவதாக பஜாஜ் அறிவித்தது.

எனினும், சேத்தக் நெடுங்காலம் ஓடியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வணிகவியல் வகுப்புகளில் அது அரிதாகவே பேசப்படுகிறது. அந்த வண்டிக்கான சேவையின் பெரும்பகுதியை அளித்தது நிறுவனம் அன்று, தெருமுனை மெக்கானிக். பிளக்கைத் துடைக்கவும், கிளட்ச் கேபிளை மாற்றவும், ஸ்டெப்னியைப் பூட்டவும் அவருக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வண்டியின் எளிமையே சேவைக்கான உத்தரவாதமாக அமைந்தது. நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு ரூபாயும் செலவாகப் பதியாமல் அந்நிறுவனத்துக்குக் கிடைத்த சேவை அது.

மின் ஸ்கூட்டர் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டது. மென்பொருளும் மின்கலத் தொகுப்பும் நிறுவனத்தின் பிடியில் இருப்பதால், பழுதை அறிவதற்கே நிறுவனத்தின் கருவி வேண்டும். விற்றவரே பழுதுபார்த்தாக வேண்டும் என்னும் நிலையில், சேவை என்பது பொருளின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரும் ஆலை அமைத்து, முகவர்களைத் தவிர்த்து நேரடி விற்பனையில் இறங்கிய ஓலா எலெக்ட்ரிக் இதற்கு அண்மைச் சான்று. 2023 செப்டம்பர் முதல் ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு அந்நிறுவனம் குறித்து 10,644 புகார்கள் வந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மின்வண்டியாக மறுபிறவி எடுத்திருந்த சேத்தக் மாதாந்தர விற்பனையில் முதன்முறையாக முதலிடம் பெற்றது. குறைந்த விலையில் வந்த புதிய வகைகளுக்கும் அதில் பங்குண்டு. பழுதுபார்ப்புக் குறைகள் மட்டுமே சந்தையைத் திருப்பின என்பது மிகையாகும். மேலும், அந்த முதலிடம் நிலைத்தும் நிற்கவில்லை.

சட்டம் இவ்வேறுபாட்டை முன்பே உணர்ந்திருந்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறைபாட்டையும் சேவைக் குறைபாட்டையும் தனித்தனியே வரையறுத்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே செய்கிறது. ஆய்வுலகம்தான் பின்தங்கியுள்ளது. பரசுராமன், ஜெய்தாமல், பெர்ரி ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட, 22 கூற்றுகள் கொண்ட ‘செர்வ்குவால்’ அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு, விற்பனைக் கூடத்தின் தோற்றத்தையும் ஊழியரின் இன்முகத்தையும் மதிப்பிடும் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. பரிமாணங்களுள் நம்பகத்தன்மையே தலையாயது என்று அம்மூவரே கண்டறிந்தனர். சொன்ன நாளில் வண்டி திரும்பி வருகிறதா என்பதே அதன் பொருள். வினாத்தாளை விடப் பணிமனையின் பதிவேடே அதற்கு நேர்மையான விடை தரும். அதைக் கேட்டுப் பெறுவது கடினம் என்பதும் உண்மையே.

பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. கையேடுகளும் உதிரிபாக விவரங்களும் பொதுவெளிக்கு வருவதற்கு அது ஒரு தொடக்கம். ஆனால் தகவல் மட்டும் போதாது. மின்கலத்தைச் சோதிக்கும் கருவியும் அதற்கான பயிற்சியும் தெருமுனைப் பட்டறைக்கு எந்த விலையில், எந்த நிபந்தனையின்பேரில் கிடைக்கும் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் தொழிற்பயிற்சி நிலையங்களும் வாகன ஆலைகளும் ஒரே நகர எல்லைக்குள் இருக்கின்றன. இம்முயற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.